ஒருபக்கம் சாய்ந்த கத்தி

நாற்றுப்பண்ணையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்தாள் என்றால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டு வருகிற ரகம். ஆனால் ரோஜாவுக்குக் கண் வைத்து ஒட்டுக்கட்டும்போது மட்டும் அந்தக் கை ஆடாது, அசையாது. காட்டு ரோஜாவின் தண்டில் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவிலிருந்து சீவிய மொட்டை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டவேண்டும். அவள் கட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

இந்த முறை நூற்றில் ஐம்பத்தொன்பது கருத்துப்போய்விட்டன.

மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் கருத்த மொட்டு ஒன்றை விரலால் சுண்டிவிட்டார்.

"உனக்கும் வயசாகுதுல்ல. கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும். அதுல தப்பில்ல."

"நடுங்கலண்ணே."

"இன்னொரு நூறு கட்டு. எண்பதாச்சும் பிடிக்கணும். இல்லன்னா தண்ணி பாய்ச்சுற வேலைக்குப் போயிடு. அங்கயும் ஆள் வேணும்."

தண்ணீர் பாய்ச்சுவது கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கவேண்டும். அவளை அங்கே நிறுத்துவதும் கட்டிப்போடுவதும் ஒன்றுதான். அதைவிட, இந்த உலகத்தில் தனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வேலையைத்தான். பேருந்தில் சீட்டு வாங்கும்போது இடது கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. அவள் இடதுகைப் பழக்கக்காரி. நடுங்குகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கையும் நடுங்கத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியை இழுத்துப்போட்டு அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்தாள். லாரி ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த கணவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு நீ உக்காரு, இல்ல நான் எழுந்து வெளிய போறேன். ரெண்டு பேருக்கும் இந்த வீடு பத்தாது."

"நீங்க தூங்குங்க. நான் என்ன உங்க தலைமேலயா நடக்கிறேன்?"

ஒரு சாக்குமூட்டையின் நூலை வெட்டத் தன் கண் வைக்கும் மடக்குக்கத்தியை எடுத்தாள். நூல் அறுபடாமல் பிசிறு பிசிறாக நின்றது. அவள் கத்தி நூலிடம் திணறுவதாவது! கணவரின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அலகின் விளிம்பில், அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, கூர் உடைந்து ஒரு சின்னப் பல் விழுந்திருந்தது. மொட்டைச் சீவும் அதே இடம். அந்தப் பல் ஒவ்வொரு மொட்டின் அடியையும் கிழித்திருக்கிறது. கிழிந்த மொட்டு எப்படிப் பிடிக்கும்?

கத்தியை மடக்கி மேலிருந்து பார்த்தாள். அலகு கைப்பிடியின் இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் இறங்கவேண்டும். இது இடதுபக்கம் ஒரேயடியாகச் சாய்ந்து, தகட்டை உரசிக்கொண்டு கிடந்தது.

"பார்த்தீங்களா? கை இல்ல. கத்தி!"

"நான் எப்ப கைன்னு சொன்னேன்? கண்ணாடியைக் குடு."

சாணை பிடிப்பவரிடம் நாளைக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். நாளைவரை பொறுத்திருந்தால் அவள் பம்பரமே அல்ல. அலகைத் தாங்கும் திருகை முடிந்தமட்டும் இறுக்கினாள். அலகு நடுவுக்கு வந்தது, ஆனால் நகத்தைப் பெயர்த்தாலும் திறக்க மறுத்தது. தளர்த்தினாள், மறுபடியும் சாய்ந்தது. இறுக்கினாள், தளர்த்தினாள். அரைமணி நேரம் இந்தக் கூத்து நடந்தது.

கடைசியில் மொத்தத்தையும் கழற்றி மேசைமேல் பரப்பினாள். அலகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய வாஷர். ஒன்று புதிது போல இருந்தது. மற்றது ஒருபக்கம் மட்டும் வெங்காயச் சருகாகத் தேய்ந்திருந்தது. அதற்குப் பதில் ஒன்று வேண்டும். கணவரின் காலாவதியான லைசென்சை எடுத்து வட்டமாக வெட்டினாள். தடிமன் அதிகம். தண்ணீர் பாட்டிலில் வெட்டியது கச்சிதமாக உட்கார்ந்தது.

"என் மூஞ்சியில ஓட்டை போட்டுட்டியே," என்றார் அவர் லைசென்சைப் பார்த்து.

"முன்னைக்கு இப்ப பரவாயில்ல."

அலகை நடுவில் பிடித்துக்கொண்டு கைப்பிடித் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கினாள். அலகின் திருகைக் கடைசியாகத் தொட்டாள். கத்தி மடங்கி, சொன்ன பேச்சு கேட்டு நடுவில் இறங்கியது. பல் மறையும்வரை சாணைக்கல்லில் தீட்டினாள்.

திங்கட்கிழமை நூறு கட்ட ஆரம்பித்தாள். நாற்பதாவது கண் வைத்தபோது ஏதோ உறுத்த, கத்தியைத் தூக்கிப் பார்த்தாள். அலகு மறுபடி இடதுபக்கம் சாய்ந்திருந்தது. இதற்கு முன் தேய்ந்துபோன இரண்டு கத்திகளும் இப்படித்தான் சாய்ந்தன. அப்போதெல்லாம் கடைக்காரனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

பக்கத்து மேசைக்காரி ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கா, நீங்க மட்டும் ஏன் ஒவ்வொரு கண்ணுக்கும் கத்தியை மடக்கி மடக்கி வைக்கிறீங்க?"

"எல்லாரும் அப்படித்தானே?"

"எங்க? நாங்க காலையில திறந்தா சாயங்காலம்தான் மடக்குவோம்."

சுற்றிப் பார்த்தாள். எல்லா மேசையிலும் கத்திகள் திறந்தபடியே கிடந்தன. அவள் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். அது அலகை நேராக மடக்காமல் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி மடக்கிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

யார் சொல்லி மடக்க ஆரம்பித்தோம் என்று யோசித்தபோது சட்டென்று நினைவு வந்தது. அப்போது மேசை கிடையாது, மண்ணில் குந்திக்கொண்டுதான் கண் வைப்பார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டு மாதக் குழந்தை, அவளைப் போலவே ஓரிடத்தில் இருக்காது. தவழ்ந்து தவழ்ந்து அவள் காலடிக்கே வந்து, பளபளப்பாக எது கிடந்தாலும் கையை நீட்டும். நாடா சுற்ற இரண்டு கையும் வேண்டும், கத்தியைக் கீழே வைத்தே ஆகவேண்டும். அதனால் மடக்கினாள். பையன் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பமும் ஆகிவிட்டது. கட்டைவிரலுக்கு யாரும் சொல்லவில்லை.

திருகைச் சரிசெய்து, அலகை மறுபடி தீட்டினாள். மிச்சம் அறுபதையும் கத்தியை மடக்காமலே கட்டினாள். கீழே வைக்கும்போதெல்லாம் காலடியைக் குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவளும் தூங்கவில்லை, வீட்டில் யாரையும் தூங்கவிடவும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் மேஸ்திரியே நாடாக்களை அவிழ்த்தார். பச்சை, பச்சை, கருப்பு, பச்சை. அவர் வாய்விட்டு எண்ண, அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். எண்பத்தாறு.

"கை நல்லாத்தான் இருக்கு போல," என்றார்.

"அது எப்பவும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு," என்றாள். ஒரு மாதமாக அவளே அதை முழுசாக நம்பவில்லை, அந்தக் கோபம் அவர்மேல் பாதியும் தன்மேல் பாதியுமாக இருந்தது.

நிழல்வலைப் பந்தலுக்கு வெளியே போய் மகனுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

"உன் கையில கத்தி பட்ட தழும்பு ஏதாவது இருக்காடா?"

"என்னது?"

"நல்லா பார்த்துச் சொல்லு. ரெண்டு கையிலயும்."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. உண்மையிலேயே பார்க்கிறான் போலிருக்கிறது.

"ஒண்ணும் இல்லையேம்மா. ஏன்?"

"இல்லல்ல? சரி, போ. போய் வேலையைப் பாரு."