க்ளெனிஸ் சொல்லாத அறை எண்

இங்கிலாந்தின் மார்கேட்டில், கடலைப் பார்த்து நின்ற ஒரு பழைய தங்கும் விடுதியில்தான் அந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி நடந்தது. எலும்பையும் மூட்டையும் வெறுங்கையால் நீவி, திருகிச் சரிசெய்யும் வைத்தியம். மாணவர்கள் ஒருவர் உடம்பில் ஒருவர் பழகவேண்டும் என்பதால், யார் எந்த நேரம் எந்த அறையில் என்பதில் சின்னப் பிசகு வந்தாலும் அன்றைய நாளே குழம்பிவிடும். ஒருத்திக்கு உடற்கூறு வகுப்பும் நோயாளி பார்க்கும் நேரமும் மோதும். ஒருவன் எடுத்த பாடம் பட்டத்துக்குச் சேருமா சேராதா என்று விழிப்பான். எல்லோரும் தரைத்தளத்து ஜன்னலுக்குத்தான் வருவார்கள். உள்ளே நேர அட்டவணை போடும் க்ளெனிஸ் பார்ஜெட்டர் உட்கார்ந்திருப்பாள்.

அவள் வளர்ந்தது பக்கத்து ஊரில், ஒரு பப்பின் மாடியில். கீழே குடிகாரர்களை அடித்து விரட்டிய கையோடு அப்பா மேலே வந்து அம்மாவை அடிப்பார். பதினாறு வயதில் க்ளெனிஸ் அவர் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டு வீட்டை விட்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் யாரையும் அடித்ததில்லை. யாரிடமும் அடி வாங்கியதுமில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி லொவென்னா இலையுதிர் காலத்தில் ஜன்னலுக்கு வந்து, வியாழக்கிழமைக் குழுவிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொன்னாள்.

"வியாழக்கிழமை உனக்கு எதுவும் மோதலையே, கண்ணு."

"எனக்கு மோதுது. அவருக்கு அன்னிக்குத்தான் லீவு. வாசல்லயே வந்து நிப்பாரு."

லொவென்னா கழுத்துத் துணியைச் சற்று இறக்கினாள். தொண்டையின் இரு பக்கமும் விரல் பதிந்த கன்றல். க்ளெனிஸ் வேறு எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தாள். அந்த வாரமே லொவென்னா கணவனை விட்டு வெளியேறி ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கணவன் ராஸ் ஹக்ஸ்டெப் கையில் பூங்கொத்தோடு வந்தான். கூரை வேலை செய்கிறவன். வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம்.

"லொவென்னா எந்த ரூம்ல இருக்கா மேடம்? இன்னிக்கு அவ பொறந்தநாளு. சொல்லாம போய் நிக்கலாம்னு பாத்தேன்."

"அதெல்லாம் வெளியாளுங்களுக்குச் சொல்றதில்லைங்க. பூவைக் குடுங்க, நான் சேத்துடறேன்."

"வெளியாளா? நான் அவ புருஷன்."

"இருக்கட்டுங்க. அதுக்காகச் சொல்ல முடியாது."

அவன் பூங்கொத்தை ஜன்னல் பலகையில் பதனமாக வைத்தான். பிறகு பக்கக் கதவை ஒரே உதையில் திறந்து உள்ளே வந்து, தொலைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அவள் எழுவதற்குள் புறங்கையால் வாயில் ஓர் அறை. முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரிலிருந்த நேர அட்டவணைக்கு இழுத்துப்போனான். வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்த அந்தக் கட்டங்கள் அவனுக்குப் புரியவில்லை.

"படிடி கிழவி. அவ எங்க இருக்கா?"

லொவென்னா நேர் மேலே, மாடியறையில் இருந்தாள். மரத்தளத்தில் பயிற்சிக் கட்டிலை நகர்த்தும் சத்தம்கூடக் கேட்டது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்," என்றாள் க்ளெனிஸ். "சிகிச்சைக் கூடத்துல."

அவன் அவளுடைய வலது கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். "நெஜமா?"

"அந்தப் பக்கம்தான்."

இன்னும் வளைத்தான். காய்ந்த சுள்ளிபோல எலும்பு முறிந்தது. க்ளெனிஸுக்குக் கண் இருண்டது. ஆனாலும் அதையேதான் திரும்பச் சொன்னாள். நம்பிக்கொண்டு அவன் வெளியே ஓடினான்.

தீ மணியை இழுக்கக் கை போயிற்று. இழுத்தால் எல்லோரும் மாடியிலிருந்து வாசலுக்கு இறங்கிவிடுவார்கள், லொவென்னாவும்தான். விட்டுவிட்டு வாசற்கதவைச் சாத்தினாள். கடற்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள் இடது கைக்கு இறங்க மறுத்தது. உடம்பைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே, சிகிச்சைக் கூடம் பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவன் திரும்பி வந்து கதவில் மோதினான். மோதிய வேகத்தில் அவள் தரையில் போய் விழுந்தாள். வயிற்றில் ஓர் உதை விட்டுவிட்டு அவன் படிக்கட்டைப் பார்த்து நடந்தான்.

அங்கே சுவரில் தீயணைப்பு உருளை மாட்டியிருந்தது. இடது கையால் அதை அணைத்தெடுத்தவள், மூன்றாவது படியில் கால் வைத்தவனின் முழங்கையில் வீசினாள். அவன் அலறிக்கொண்டு உருண்டு கீழே வந்தான். எழ முயன்றபோது முட்டியில் இறக்கினாள். மளுக்கென்று ஒரு சத்தம். மூன்றாவது முறையும் ஓங்கினாள். இந்த முறை அவன் எழ முயலவில்லை. கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்றான். இருந்தும் அடித்தாள். தோள்பட்டை இறங்கிப்போயிற்று.

"க்ளெனிஸ்! கீழ வை அதை!" சத்தம் கேட்டு இறங்கி வந்த ஆசிரியர் பெவிஸ் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்.

போலீஸ்காரி ஆஸ்பத்திரியில் கேட்டாள். "மூணாவது அடி எதுக்கு?"

"மறுபடி எழுந்திரிச்சிடுவான்னு பயமா இருந்துச்சு."

அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்று க்ளெனிஸுக்குத் தெரியும். அந்த அடி விழுந்தபோது உடம்பெங்கும் ஒரு சுகம் பரவியது. அதை நினைத்துத்தான் பல நாள் தூங்காமல் கிடந்தாள். அவள்மீது வழக்கு எதுவும் போடவில்லை. அவனுக்குச் சிறை கிடைத்தது.

லொவென்னா பார்க்க வந்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா வர வழியெல்லாம் அவருக்காக அழுதேன். அந்த முட்டியோட இனி கூரை ஏற முடியாதாம். என்மேலேயே எனக்கு வெறுப்பா இருக்கு."

"எங்கம்மாவும் அழுதாங்க," என்றாள் க்ளெனிஸ். "நான் அப்பா கையை நசுக்கினப்ப. கிளம்பறப்ப எனக்குச் சோறுகூடப் போடல."

லொவென்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு க்ளெனிஸின் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, வகுப்பில் கற்ற மாதிரி, முழங்கையிலிருந்து தோள்வரை மெதுவாக நீவிவிட்டாள்.

அந்த வசந்தத்தில் அவள் வடக்கே வேறொரு கல்லூரிக்கு மாறிப்போனாள். க்ளெனிஸின் ஜன்னலுக்குக் கனத்த கண்ணாடி போட்டார்கள். மாணவர்கள் அதன் துளை வழியாகக் கத்திப் பேசினார்கள். க்ளெனிஸின் கட்டைவிரல் பிறகு மடங்கவேயில்லை. கோடையில் ஒருநாள் லொவென்னாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. இங்கே படித்த எந்தெந்தப் பாடங்கள் அங்கே செல்லும் என்று கேட்டிருந்தாள். இரண்டு தவிர எல்லாம் செல்லும், அந்த இரண்டை மட்டும் திரும்ப எழுதவேண்டும் என்று க்ளெனிஸ் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "சரி. எழுதிடறேன்."