சமையலறைக்கு ஒரு கண்ணாடி ஓடு

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தீப்பெட்டி தேடிச் சமையலறைக்குள் நுழைந்தேன். நான் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். அங்கே சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். மண்ணெண்ணெய் ரேஷனில் வருகிறது; அதற்குக் கியூவில் நிற்பவன் நான். பட்டப்பகலில் விளக்கா? கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

என் மனைவி கோவிந்தம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைக் கையால் காட்டினாள்.

நிமிர்ந்து பார்த்தேன். புகை படிந்த ஓடுகளுக்கு நடுவில் இன்னும் கறுப்பாக ஒரு ஓடு...

பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு அந்த ஓட்டின் கதை தெரிந்திருக்கும். யுத்தம் வருவதற்கு முன்னால், எங்கள் திண்டிவனம் வீட்டுச் சமையலறையில் ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டோம். ஓலை என்றால் எந்நேரமும் அடுப்புப் பொறி பயம். இருவரும் ரயிலேறி, விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஓட்டுக் கிடங்குக்குப் போனோம்.

ஓடு பொறுக்குவதில் நான் ஒரு நிபுணன் என்று எனக்கு நினைப்பு. ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்றால் நல்ல ஓடு, பொத்தென்றால் விரிசல். ஒரு மணி நேரம் தட்டியதில் முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

கோவிந்தம்மாள் ஒன்றையும் தட்டவில்லை. மூலையில் வைக்கோலில் பொதிந்து வைத்திருந்த கண்ணாடி ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இது ஒண்ணு போதுங்க" என்றாள். கடைக்காரர் சிரித்தார். சமையல்கட்டுக்கு யார் கண்ணாடி ஓடு போடுவார்கள், ஹாலில் போட்டாலாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த யோசனை என்னுடையதாகிவிட்டது — எப்படி என்று கேட்காதீர்கள். ஒரு வாரப் பத்தி முழுக்க இங்கே அதைச் சொல்லியே பெருமையடித்துக்கொண்டேன்.

காலை பத்து மணிக்கு மேல் அந்த ஓட்டின் வழியே, ஒரு மணைப் பலகை அளவுக்கு வெளிச்சம் தரையில் விழும். உலை கொதிக்கும் நேரம்தான் கோவிந்தம்மாளுக்கு ஓய்வு. அடுப்பை விட்டு நகரவும் முடியாது. அந்த வெளிச்சத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்காருவாள். வெளிச்சம் நகர நகர அவளும் நகருவாள். முதலில் படிப்பது என் பத்தியைத்தான். "இங்க பொய் சொல்லிக்கினு இருக்கீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் யுத்தம் வந்தது. கடற்கரை கிட்டத்தில் இருக்கிறதே, விமானம் வந்தால் என்ன செய்வது? ராத்திரியில் வீட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று இருட்டடிப்பு உத்தரவு போட்டார்கள். தொண்டர் படையில் முதல் ஆளாகச் சேர்ந்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டில் செய்து காட்ட வேண்டாமா? ஆள் பிடித்து, கண்ணாடி ஓட்டின் மேல் கெட்டியாகத் தார் பூசச் சொன்னேன். அதையும் இங்கே எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன.

யுத்தம் முடிந்தது. தெருவில் விளக்குகளின் மூடியைக் கழற்றினார்கள். என் வீட்டுத் தார் மட்டும் அப்படியே இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்... நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கறுத்த ஓட்டைப் பார்த்தபடியே, "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். தப்பை அவள் பக்கம் தள்ளிவிடுவது என் பழைய வழக்கம்.

"ராத்திரியில நம்ம சமையக்கட்டுல என்னிக்குங்க விளக்கு எரிஞ்சுது? பொழுதோட சோறாக்கி வெளியே எடுத்தாந்துடறேன். பகல்ல வர்ற வெளிச்சத்தைத்தான் நீங்க அடைச்சீங்க. ஊருக்கே சொல்லிக்கினு திரிஞ்சீங்க, நான் எப்படிங்க வாணாம்னு சொல்றது?"

எந்த விமானத்துக்கும் தெரியாத வெளிச்சத்தைத்தான் நான் அத்தனை கெட்டியாக மூடியிருக்கிறேன்.

அப்படியானால் பத்திரிகையை எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று கேட்டேன். "படிக்கிறதில்லைங்க. மூணு வருஷத்துக்கு மேல ஆவுது. நீங்க என்ன எழுதறீங்கன்னே எனக்குத் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வாராவாரம் பத்திரிகை வந்ததும் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போவேன். அது அடுப்பு மூட்டத்தான் போயிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வரவில்லையே என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? இப்போதெல்லாம் பொய் கலக்காமல் எழுதுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஏணி வைத்து ஏறினேன். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் தாரைத் துடைத்தேன். ஆமாம், அதே ரேஷன் மண்ணெண்ணெய்தான். பழைய இடத்தில் வெளிச்சம் விழுந்தது. அவசரமாக இறங்கி வந்து பத்திரிகையை அவள் கையில் கொடுத்தேன்.

கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்தாள். "எழுத்தெல்லாம் கலங்கிக்கினு தெரியுதுங்க. நீங்களே படிச்சிடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமாகப் புகையிலும் சிம்னி வெளிச்சத்திலும் கல் பொறுக்கிய கண். டாக்டரிடம் காட்டலாம் என்கிறேன். ஆகட்டும் பார்க்கலாம் என்கிறாள். அந்த வருஷங்களை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பேன்?

இந்த வாரப் பத்தியை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நடுவில் ஒரு இடத்திலாவது, "பொய் சொல்லிக்கினு இருக்கீங்க" என்று சொல்லிவிட மாட்டாளா?