பாக்கியத்துக்கு விழுந்த அட்டை

மிஷன் பள்ளி ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஜெர்சனுக்கு, அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தது. யூடியூபைப் பார்த்துத் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். செல்லூரில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல ஒன்று, மாடித் தொட்டி எப்போது நிரம்பும் என்று சொல்ல இன்னொன்று. இரண்டும் பாதி நாள் தப்பாகவே சொல்லும். அந்தத் தப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மனுஷருக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

“அந்தப் பொட்டிக்கே தாலியக் கட்டிருக்கலாம்ல,” என்பாள் மனைவி பாக்கியம்.

புத்தாண்டன்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பது அவர்கள் சபை வழக்கம். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தம். இந்த முறை ஜெர்சன் அதையும் புரோகிராமாக எழுதினார். பெயரைத் தட்டினால் முந்நூறு வசனங்களில் ஒன்று பூப்போட்ட அட்டையில் வரும்.

புத்தாண்டுக்கு மறுநாள் பாக்கியத்தின் பயாப்ஸி முடிவு வருவதாக இருந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் சரிபார்க்க உட்கார்ந்தார். கொட்டாம்பட்டியில் இருக்கும் மகள் ஹெப்சிபாவின் பெயருக்கு வசனம் வந்தது. பாக்கியம் என்று தட்டினார். பூ மட்டும் வந்தது, எழுத்தே இல்லை. பத்துத் தடவை தட்டினார். பத்துத் தடவையும் பூதான். தெருக்காரர்கள் பெயரையெல்லாம் போட்டார். எல்லாருக்கும் வசனம் வந்தது. முந்நூறு வசனங்களையும் வரிவரியாகப் பார்த்தார். காலியாக ஒன்றும் இல்லை. ஏதாவது பிழையாக இருந்துவிடக் கூடாதா, இல்லாவிட்டால் அந்த வெற்று அட்டை எனக்கே விழுந்துவிடக் கூடாதா என்று ஜெபித்தார்.

“என்னங்க, எனக்கு வந்துருச்சா? இந்தா வாரேன்,” என்றாள் அடுப்படியிலிருந்து பாக்கியம்.

அவசரமாக ஒரு வரி சேர்த்தார். பாக்கியம் என்று வந்தால் நீடித்த ஆயுளைப் பற்றிய வசனத்தை மட்டும் காட்டு.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தட்டினாள். வாசித்தாள். கண் நிறைந்துவிட்டது.

“கர்த்தரே சொல்லிட்டாரு. இனி எனக்குப் பயமில்லைங்க.”

அவள் உள்ளே போனதும் ஜெர்சனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கர்த்தர் பெயரில் தான் எழுதிய பொய்யை அழித்தார். மறுபடி அவள் பெயரைத் தட்டினார். வசனம் வந்தது, அவர் சேர்க்காமலே. மறுபடி தட்டினார். வேறொரு வசனம் வந்தது.

அப்புறம்தான் தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். பூ மட்டும் வந்தது.

பிடரி மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தார்; அறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, “ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்றார் நெஞ்சு நிறைய.

“உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் பாக்கியம்.

“நல்லதுதான் பாக்கியம். நான் கேட்டதே வந்துருக்கு.”