எதுக்கும் ஒருக்கா

செட்டிபாளையத்தில் அழகரத்தினம் என்று கேட்டால் எந்த அழகரத்தினம் என்பார்கள். ‘எதுக்கும் ஒருக்கா’ அழகரத்தினம் என்றால், என் ஆட்டோ நிற்கும் இடத்துக்கே கூட்டிவந்து விடுவார்கள். காய்ச்சலுக்குக் குளிசை வாங்கினால் எதுக்கும் ஒருக்காத் திகதியைப் பார்ப்பேன். மழை இல்லை என்று வானொலி சொன்னால் எதுக்கும் ஒருக்கா வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன். மாமாங்கத் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்ததும் நான் முதலில் தேடியது கரையில் விட்ட செருப்பை, சாமி பிறகுதான்.

இதற்கு ஐயவாதம் என்று பெயர் இருப்பதாக என் மகள் தனுஷா சொன்னாள். அவள் ஆசிரியை. சான்று கிடைக்கும்வரை முடிவைத் தள்ளிவைப்பதாம். கேட்கப் பெருமையாக இருந்தது.

“ஆனா நீங்க அப்படியில்ல அப்பா. முடிவ முதல்ல எடுத்துப்போட்டு மறுகாத்தான் சான்று தேடுவீங்க.”

பெருமை அத்தோடு போனது.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை விசாரித்து விசாரித்தே குழப்பியவன் நான். ஒருவன் அதிகம் சிரித்தான். மற்றவன் சிரிக்கவே இல்லை. இப்போது வந்திருப்பது உன்னிச்சையில் வயல்காரர் வீட்டுப் பையன், ஜெயரூபன். தகப்பன்மார் நாங்கள் இன்னும் நேரில் கண்டதில்லை; ஆனால் தனுஷாவுக்குப் பிடித்துவிட்டது. கேட்ட இடமெல்லாம் நல்லவன் என்றார்கள். ஒருவனைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரி நல்லது சொன்னால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. நானும் மனைவி கேதீஸ்வரியும் பின்வளவில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். என் கல்வீட்டில் இருக்கப்போகிறவனை நான் விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது?

“எதுக்கும் ஒருக்கா உன்னிச்சைக்குப் போயிட்டு வாறன்” என்றேன்.

“இதையும் குழப்பினீங்க எண்டா எனக்கு இனிக் கலியாணமே வேணாம்” என்றாள் தனுஷா. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆளைக் காட்டிக்கொள்ளாமல் விசாரிப்பது என் திட்டம். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், விதைநெல் வாங்க வந்தவன் போல நடித்தேன். தேத்தண்ணிக் கடையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: நல்ல பொடியன். கோயிலடியில் கேட்டேன்: நல்ல பொடியன். சைக்கிள் கடையிலும் அதே பாட்டு. சொல்லிவைத்துப் பேசுகிறார்கள் என்று நிச்சயமாகிவிட்டது.

கடைசியாகக் குளத்துக்குக் கீழே வயல் வட்டைக்குப் போனேன். வரம்பு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என் கதையைக் கேட்டார்.

“என்ன நெல்லு தேடுறீங்க?”

எனக்குச் சோறு மட்டும்தான் தெரியும். “நல்ல நெல்லு” என்றேன்.

“நான் சீனித்தம்பி. ஜெயரூபன்ட தகப்பன்” என்றார் அவர். “ஊரில ஒருத்தரும் அவன்ட குறையச் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றன். கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு வாய் திறக்கமாட்டான். மகளுக்கிட்டச் சொல்லி வையுங்க.”

“எந்த மகள்?”

அவர் மண்வெட்டிப் பிடியால் ஆட்டோவைக் காட்டினார். முன்கண்ணாடியில், நானே பக்கத்தில் நின்று எழுதுவித்த பெரிய சிவப்பு எழுத்து: ‘தனுஷா – செட்டிபாளையம்’.

“நீங்க குளக்கட்டால வரக்குள்ளயே ஊருக்குத் தெரியும்.”

உலகத்தையே சந்தேகப்பட்டவனுக்குத் தன் ஆட்டோவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அசடு வழிய நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க பொடியன விசாரிக்கிறீங்க, சரி. ஆனா அவன் இனி உங்கட வீட்டிலதானே இருக்கப்போறான். நான் ஆரிட்டப் போய் விசாரிக்கிற?” குரல் இறங்கியது. “அவன நல்லா வச்சிருப்பீங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும்.”

என் வீட்டைப் பற்றி அத்தனை யோசித்திருந்தேன். அந்த வீட்டுக்கு வருகிறவன் இன்னொரு வீட்டிலிருந்து போகிறவன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

“வச்சிருப்பன் அண்ணன்” என்றேன். “ஆனா என்ட பேச்ச மட்டும் நம்பாதீங்க. எதுக்கும் ஒருக்கா வந்து பாருங்க.”

அவர் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார். பிறகு மண்வெட்டியோடு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.