மூன்றாம் கேபினில் ஆன்லைன் கணக்கு

1. டெமோ

இரண்டாவது டெமோ வகுப்பு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. உத்தமபாளையத்தில் அப்போது தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். எந்த இரண்டு மணி நேரம் என்பதை மாதா மாதம் மாற்றுவார்கள். டெமோவுக்கு நேரம் குறித்த பையன் எங்கோ பெரிய ஊரில் ஏசி அறையில் இருந்தான், அவனுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதி நேரம் மாறியதை மறந்துவிட்டேன். யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும் என்று சத்தியம் செய்து விற்றிருந்தார்கள். நாலாவது நிமிடமே கத்த ஆரம்பித்து, ஆறாவது நிமிடம் அடங்கியது.

மூன்றாம் கேபினிலிருந்து ஜன்னத் எழுந்து வந்தாள். "இன்னைக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். முதல் டெமோவன்று மோடம் மக்கர் செய்ததையும் சேர்த்து அந்த ஒரு வார்த்தையில் திட்டிவிட்டாள்.

நான் 1996-ல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தவள். மெஷினைத் தட்ட ஆள் வராமல் போனபின் அதே இடத்தில் ஐந்து சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். இன்று கம்ப்யூட்டர் சென்டர் வைக்கும் பிள்ளைகள் என்னிடம் எந்த பிரிண்டர் வாங்கலாம், எந்த லைன் நல்லது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் மாறிவிடும். மாறாத ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஜன்னத் மகள் ரஹிமா கதையைத்தான் சொல்ல வேண்டும். அதில் நான் முட்டாளான இடங்களையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

ரஹிமாவுக்கு ஆறாம் வகுப்பில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது. இதயத்தைத் தொட்டுவிடும் என்று டாக்டர் பயமுறுத்தி, இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஊசி போடச் சொன்னார். இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்பு தேறிப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றபோது, மறுபடியும் ஆறாவதில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று ரஹிமா அழுதாள். பி.காம். படித்த ஜன்னத், வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வைக்கிறேன் என்று கிளம்பினாள். கணக்கைத் தவிர எல்லாப் பாடத்தையும் சமாளித்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஜமால் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். அவர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: தனித்தேர்வில் பிள்ளை பாஸானால் சரி, கணக்கில் போனால் ஜூன் மாதம் மதுரையில் ஹாஸ்டல். ஊசியைக் கணக்கு வைத்துப் போட்டு, மூச்சு வாங்கினால் முழித்துக்கொண்டு பார்த்து வளர்த்த பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புவதை ஜன்னத்தால் நினைக்கவே முடியவில்லை. அதனால்தான் ஆன்லைன் கணக்கு வகுப்பு தேடி என்னிடம் வந்தாள். சென்டர் நடத்துவது பொம்பளை என்பதால் வந்தாள் என்பதும் உண்மை.

2. எல்லோரும் கேட்டோம்

மொத்தம் ஐந்து டெமோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக்-இன், ஒரு ஜாவா அப்டேட், ஒரு பாஸ்வேர்ட். அதை இறக்கி முடிப்பதற்குள் பக்கத்துக் கேபின்களில் ரயில் டிக்கெட் பார்க்க வந்தவர்கள் லைன் ஸ்லோ என்று என்னைக் கடித்துக் குதறினார்கள்.

முதல் இரண்டைக் கரண்டும் மோடமும் தின்றுவிட்டன. மூன்றாவதில் வெள்ளைக்காரர் ஒருவர் பேசினார். என்ன பேசினார் என்று ஜன்னத்துக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இருவரும் தலையை மட்டும் ஆட்டினோம். நான்காவது கோயம்புத்தூரில் ஒரு டீச்சர், வீட்டிலிருந்தே நடத்துகிறவர். வெப்கேமை நோட்டுக்கு மேலே எதிலோ கட்டித் தொங்கவிட்டிருந்தார். திரையில் நோட்டும் பேனாவும் வளையல் போட்ட கையும் மட்டும் தெரிந்தன. பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஜன்னத் பத்து நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். நம்மூர் டியூஷன் மாதிரியே இருக்கிறது, இதற்கு எதற்கு ஆன்லைன் என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஐந்தாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. முக்கோணம் சுழன்று சுழன்று வந்தது. நாலு விடையில் சரியானதைத் தட்டினால் கைதட்டல் கேட்டது. வாராவாரம் மெயிலில் ரிப்போர்ட் உண்டு. அன்று ஜமால் அண்ணன் ஊரில் இருந்ததால் அவரும் வந்திருந்தார். ஏலக்காய் சாம்பிளை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிற அதே முகத்தோடு ஹெட்போனை வாங்கி இரண்டு நிமிடம் காதில் வைத்தார்.

"வார்த்தை சுத்தமா வருது தங்கச்சி. பெரிய படிப்பு படிச்சவுகதேன். செரி, இதையே போட்ருவோம்."

கணக்கை விட்டுவிட்டு வார்த்தை சுத்தத்தைப் பார்த்தால் எப்படி என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் ஒரு காதில் வைத்துக் கேட்டு, நல்லாத்தான் இருக்கிறது என்றேன். மூன்று மாதக் கட்டணத்துக்குப் பாங்கில் டிடி எடுத்துக் கூரியரில் அனுப்பினார்கள். இத்தனைக்கும் ரஹிமா எங்கள் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

3. தொண்ணூற்றிரண்டு சதவீதம்

ரிப்போர்ட் வாராவாரம் வந்தது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றிரண்டு. நானே கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஜன்னத் அதை வீட்டுச் சுவரில் ஒட்டினாள். பிள்ளையைக் கேட்டால் புரிகிறது என்று சொல்லும், வேறொன்றும் சொல்லாது.

இரண்டாம் மாத முடிவில் ஜன்னத் பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கி வீட்டில் பரீட்சை வைத்தாள். ரஹிமா கேள்வி எண்ணை மட்டும் வரிசையாக எழுதி, பேப்பரை வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே ஜன்னத் அந்தப் பேப்பரோடு படியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ஒங்க லைனு விட்டு விட்டு வருதுக்கா. பிள்ளைக்கு எப்படிப் புரியும்?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இருக்கிறதே என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். இவளுக்காக நாலு மணிக்கு வரும் கேம் பையன்களை விரட்டியிருக்கிறேன், மோடத்துக்கு ஃபேன் வைத்திருக்கிறேன், கடைசியில் பழி எனக்கா? லைன் சரியாக இருப்பதை நிரூபித்துவிட வேண்டும் என்ற ஒரே வீம்பில், அன்று வகுப்பு ஆரம்பித்ததும் நாற்காலியைப் போட்டு அவர்கள் கேபினுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

லைன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஹெட்போன் ஜன்னத் தலையில், முக்காட்டுக்கு மேல் இருந்தது. ரஹிமா கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சுழலும் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி வந்தது. ஜன்னத் விரலால் ஒரு விடையைக் காட்டினாள். பிள்ளை மவுஸைத் தட்டியது. கைதட்டலும் ஜன்னத் காதில்தான் விழுந்திருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் கூச்சமே படவில்லை. "அவுக வேகத்துக்கு இவளுக்கு இங்கிலீசு வெளங்காதுக்கா. நான் கேட்டுக்கிட்டுப் போயி வீட்டுல நிதானமாச் சொல்லிக் குடுக்குறேன்."

இரண்டு மாதமாகத் தொண்ணூற்றிரண்டு வாங்கியது ஜன்னத். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. திட்டினால் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும். கேபினுக்கு ஒரு ஹெட்போன் என்பது என் சட்டம். பையன்கள் ஒயரை முறுக்கி உடைக்கிறார்கள் என்று உபரியாக இருந்த ஹெட்போன்களை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஒரே பின்னில் இரண்டு ஹெட்போன் மாட்டும் ஸ்பிளிட்டரும் பாக்கெட் பிரிக்காமல் அதே டிராயரில் கிடந்தது. ஒன்று கொடுத்தால் வீட்டில் பெரியவர் எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாதா? சினிமா பாட்டு கேட்க வரும் குடும்பத்தில்கூட அப்படித்தானே நடக்கும். இரண்டு மாதமும் அந்தக் கேபினைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

டிராயரைத் திறந்து, ஸ்பிளிட்டரை மாட்டி, இன்னொரு ஹெட்போனை ரஹிமா காதில் வைத்தேன். ஐந்து நிமிடம் கேட்டாள். பிறகு மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லையா என்றேன். கேட்கிறது, ஆனால் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகுதான், பார்த்த ஐந்தில் உனக்கு எது புரிந்தது என்று கேட்கும் புத்தி எனக்கு வந்தது.

யோசிக்கவே இல்லை. "கோயம்புத்தூர் டீச்சர், ஆண்ட்டி."

சத்தமே கேட்காமல் எப்படிப் புரிந்தது என்றேன்.

"அவுக நடுவுல தப்பாப் போட்டுட்டாக. ஒடனே அடிச்சுட்டு, கீழ திரும்பப் போட்டாக. எங்கன தப்புன்னு பாத்ததும் எனக்குப் புரிஞ்சிருச்சு. இந்த சாரு ஒரு தடவகூட அடிக்கல. எல்லாம் சரியாவே வருது."

ஜன்னத் ஹெட்போனைக் கழற்றினாள். அன்றைக்கே ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டாள். குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

"அத்தா டிடி எடுத்துட்டாகளேம்மா" என்றாள் ரஹிமா.

4. போனில் பாதி, நோட்டில் பாதி

மீதி ஒரு மாதக் கட்டணத்தையாவது திருப்பிக் கேட்டு நான் போட்ட மெயில்களை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் "டியர் கஸ்டமர்" என்று ஆரம்பித்து ஒரே பதில். போன் செய்தால் "எங்க பாலிசி அப்படித்தான் மேடம்" என்று ஒரு பையன் தேன் ஒழுகச் சொல்வான். ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். ஜமால் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்ல ஜன்னத் பயந்தாள், நான்தான் சொன்னேன். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, ஹாஸ்டலுக்கு இடம் சொல்லி வைத்தாகிவிட்டது, அதற்குள் முடிந்தால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மலைக்குப் போய்விட்டார்.

கோயம்புத்தூர் டீச்சர் வாரம் நாலு நாள் எடுத்தார். கேபினில் நாற்காலி ரஹிமாவுக்கு, ஸ்டூல் ஜன்னத்துக்கு என்று மாற்றினேன். முதல் வாரம் ஜன்னத்தின் விரல் தானாகத் திரைக்குப் போனது. டீச்சருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்றார். ஜன்னத் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டே கேபினைப் பார்த்திருப்பாள்.

லைன் மட்டும் திருந்திவிட்டதா என்றால் இல்லை. படம் உறைந்து, டீச்சர் கை பாதிக் கணக்கில் நின்றுவிடும். உடனே என் லேண்ட்லைன் அடிக்கும். ரஹிமா ஓடிவந்து போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பாழான பிரிண்ட் அவுட்டின் பின்பக்கத்தில் டீச்சர் சொல்லச் சொல்லக் கணக்கைப் போடுவாள். பில் கொடுக்க நிற்பவர்கள், பேச போன் கேட்பவர்கள் எல்லோரும் சத்தம் போடுவார்கள். காத்திருங்கள் என்று நான் அவர்களுக்கு மேலே சத்தம் போடுவேன். அந்தத் தாள்களைப் பிறகு பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். ஒரு நாள் போனில் அவள் "நீங்களுந்தேன் டீச்சர் தப்புச் சொல்றீக" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

5. யாருக்கு வகுப்பு

கணக்கில் ஐம்பத்தெட்டு. மற்றதெல்லாம் அதற்கு மேல். மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் போட மூவருமாக வந்தார்கள். ஜமால் அண்ணன் மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். இனி ஹாஸ்டல் பேச்சே இல்லை என்று அவர் சொன்னதும் ஜன்னத் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

துடைத்த கையோடு பையிலிருந்து ஒரு லிஸ்டை எடுத்தாள். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது, அதற்கு எந்த ஆன்லைன் வகுப்பு, கணக்குக்கு அதே டீச்சரா, சயின்ஸுக்கு யார் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாள். சயின்ஸுக்குப் பெரிய படிப்பு படித்தவராகப் பார்க்கச் சொன்னார் அண்ணன். நான் சிலபஸை எடுத்துப் பிரிண்ட் கொடுத்தேன். ஏழெட்டுப் பக்கம் வந்திருக்கும்.

"ம்மா, நான் ஒம்பதாவதுக்குப் பள்ளிக்கூடம் போறேன்" என்றாள் ரஹிமா.

பிரிண்டர் சத்தத்துக்கு மேலே அவளே தொடர்ந்தாள். "எங்கூடப் படிச்சவளுக எல்லாம் இந்த வருசம் ஒம்பதாவதுதான் போறாளுக. அதுக்குத்தேன் படிச்சேன்."

வீட்டில் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று ஜன்னத் கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்று பிள்ளை தரையைப் பார்த்துச் சொன்னாள். ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் பிரிண்டரைப் பார்த்தேன். ஹெட்போன் விஷயத்திலேயே எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் போனைத் தோளில் இடுக்கிக் கணக்குப் போட்ட பிள்ளை பக்கத்தில் நிற்க, ஒரு வார்த்தை கேட்காமல் பிரிண்ட் பட்டனை அழுத்தியவள் நான்தான். சென்டர் வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யார் படிக்கப் போகிறார்களோ அவர்களிடம் கேட்டுவிட்டு மவுஸைத் தொடுங்கள். பெரியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஜன்னத் பிரிண்ட் தாள்களை எடுத்து, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி, என் மேஜையிலேயே வைத்துவிட்டாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"பள்ளிக்கூட ஆபீசு எத்தனை மணிக்குத் தொறப்பாக?"

கேட்டது என்னையல்ல, மகளை. மகளுக்குத் தெரிந்திருந்தது.