சொல்லாமல் கழற்றச் சொன்னவர்

என் மூத்த பேத்தி ஹஸ்னா பிரசவ வார்டில் டொக்டர். அடுத்தவன் கட்டாரில் எஞ்சினியர். கடைக்குட்டி ஸஜீத் கொம்பியூட்டரில் லினக்ஸ் வேலைக்காரன். அவன் திருத்தும் நிரல்களை வெளிநாட்டுக்காரரும் எடுத்துப் பாவிக்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை இதையெல்லாம் தொலைபேசியில் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஸஜீத் வந்து நின்றான்.

"உம்மும்மா, நிஸ்தார் சேர் மௌத்தாம்."

இரத்தம் தேடும் நம் குழுவின் பிள்ளைகளே, இறந்துபோன நிஸ்தாரை உங்களுக்குத் தெரியும். இரத்தம் கேட்டு வரும் செய்தியைக் கொடுப்பவர்களின் தொலைபேசிக்கு அனுப்பும் நம் சேவை, நான்கு வீடுகளில் இருக்கும் நான்கு பழைய கொம்பியூட்டர் பெட்டிகளில் ஓடுவதும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அதில் அவர் ஒரு வேலை தந்தார். என் வீட்டுப் பெட்டியின் பிளக்கை நினைத்த நேரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் கழற்ற வேண்டும்.

"சொல்லிப்போட்டுக் கழட்டினா அது சோதனையில்ல மாமி, கலியாணம்" என்பார்.

முதல் தரம் கழற்றியபோது நான்கு வீட்டிலும் எல்லாம் நின்றுபோனது. ஸஜீத் என்னை முறைத்தான். நிஸ்தாரோ சந்தோஷப்பட்டு, என் வீட்டில் பாய் விரித்து இருந்து மாலை அஸர் தொழுகைப் பாங்கு வரை திருத்தினார். "இந்த நிரல ஆரோ எழுதி, ஆரும் எடுங்கண்டு உலகத்துக்குக் குடுத்தது. நாம திருத்தினதயும் திருப்பிக் குடுக்கணும் மாமி" என்றார். அடுத்த தரம் நான் கழற்றியபோது, என் பெட்டியின் வேலையை மற்றப் பெட்டிகள் எடுத்துக்கொண்டன.

ஆனால், வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த தலைவர் பெட்டி அவர் வீட்டில் இருந்தது. அதை மட்டும் ஒருநாளும் கழற்றிப் பார்க்கவில்லை.

"உங்கட பெட்டிய எப்ப கழட்டுற மகன்? பயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம் மாமி, பயந்தான். தலைவர் போனா மத்த மூணும் கதைச்சுப் புதுத் தலைவரத் தெரிஞ்செடுக்கணும். பள்ளிவாசல் நிருவாகத் தெரிவு மாதிரிச் சண்ட பிடிச்சா என்ன செய்ற?"

வெள்ளிக்கிழமை நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது, ஜனாஸாவை, அவர் உடலை, வைக்க அவருடைய அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மேசையைத் தூக்குமுன் அவருடைய மச்சான் சுவரில் இருந்த பிளக்குகளை ஒன்றாக இழுத்தார். தலைவர் பெட்டியின் விளக்கு அணைந்தது. அழுதுகொண்டிருக்கும் மனைவிக்கு முன்னால், "திரும்பக் கொழுவுங்க" என்று எப்படிச் சொல்வது?

அப்போது ஹஸ்னாவின் அழைப்பு வந்தது. "ஸஜீத் போன் எடுக்கிறானில்ல உம்மும்மா! புள்ளப் பெத்த தாய்க்கு இரத்தம் நிக்குதில்ல. அந்த வகை இங்க முடிஞ்சுது. கேட்டு அனுப்பினேன், ஒருத்தருக்கும் போகல்ல!"

முதல் தரம் எல்லாம் நின்ற அன்று நிஸ்தார் எங்களுக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். "திரும்ப ஒருக்கா அனுப்பு புள்ள."

அனுப்பினாள். ஒரு தொலைபேசியும் அடிக்கவில்லை. குர்ஆனில் யாஸீன் ஓதும் குரல் மட்டும் கேட்டது.

முற்றத்தில், ஆண்களுக்கு நடுவில், ஒரு தொலைபேசி அடித்தது. பிறகு இன்னொன்று. பாண்டிருப்பில் இருந்து வந்திருந்த, அந்த வகை இரத்தமுள்ள தம்பி ஒருவர் செருப்பையும் மறந்து மோட்டார் சைக்கிளுக்கு ஓடினார். சிவந்த கண்களோடு ஸஜீத் ஜன்னலுக்கு வந்தான்.

"உம்மும்மா, நம்மட வீட்டுப் பெட்டிதான் இப்ப தலைவர்."

தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிஸ்தாரின் மண்ணறையான கப்றை அல்லாஹ் விசாலமாக்குவானாக. அவர் தந்த வேலையை நான் விடவில்லை. நேற்றும் கழற்றினேன், தலைவர் என்று பார்க்கவில்லை, ஸஜீதுக்கும் சொல்லவில்லை. சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நம் குழுவின் இணையப் பக்கத்தில் இருப்பது அடையாள அட்டைக்காக அவர் விறைத்து நின்ற படம். என் கையில் பிளக், பாயில் இருந்து அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அப்படி ஒரு படம் ஸஜீதிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் புதிதாகப் போடுங்கள், பிள்ளைகளே.