கால்வாய்க்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்தான் சொன்னார். வாலாஜாபேட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நம் இஸ்மாயில் சாயபு அங்கேயே காலமாகிவிட்டாராம். அப்போதுதான் சுவாமிக்கு விளக்கேற்றியிருந்தேன். அதன் முன்னால் அவருக்காகவும் கைகூப்பினேன். அவர் தொழுத ஆண்டவனும் நான் கும்பிடுகிற பெருமாளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் தெருவுக்கு அவர்தான் யூனியன் போர்டு மெம்பர். தெரு வேலைகளைப் பார்வையிட வருகிற மற்றவர்கள் குடை நிழலில் நின்று தலையசைத்துவிட்டுப் போவார்கள். இவர் தரையில் குந்திவிடுவார். "கண்ணால பாத்தா எல்லாக் கால்வாயும் நேராத்தாம்மா தெரியும். தண்ணிய வுட்டாத்தான் நெசம் தெரியும்" என்பார்.

தோல் பதனிடும் மண்டியின் கழிவுநீர் தெருவில் தேங்காமலிருக்கப் புதுக் கால்வாய் கட்டினார்களே, அந்த நாள் நினைவிருக்கும். நாமெல்லாம் குடிக்கத் தண்ணீர் சேந்தும் கிணற்றை ஒட்டித்தான் அது போனது. கட்டிய கான்டிராக்டர் ரஷீத், சாயபுவின் சொந்தத் தங்கை மகன். வேலை சரியாக முடிந்ததென்று கையெழுத்துப் போட வேண்டிய அன்று சாயபு என் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு கொடம் தண்ணில மஞ்சள் கரைச்சுக் குடும்மா. தண்ணி போற வழி பளிச்சுன்னு தெரியணும்."

எதிர்வீட்டுக் கன்னியம்மா சும்மா இருப்பாளா? "இன்னா சாயபு, கால்வாய்க்கு மஞ்ச நீராட்டா?"

"ஆமாம்மா. பொண்ணு எந்தப் பக்கம் போறான்னு பாக்க வாணாமா?"

சிரித்துக்கொண்டே ஊற்றினேன். பாதி தூரம் போன தண்ணீர் திரும்பி வந்து, கிணற்றோரம் குளமாக நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"வுடுங்க மாமூ, வெயில்ல காஞ்சிடும். ஜாஸ்தி பேஜார் பண்ணாதீங்க" என்றான் ரஷீத்.

"மஞ்சத்தண்ணி காஞ்சிடும். நாளைக்குத் தோல் ஊறின தண்ணி வந்து நிக்குமே, அது எங்கடா போவும்? கெணத்துக்குள்ளதானே? பேத்துட்டு மறுபடி கட்டு."

ரஷீத் பேர்த்துக் கட்டினான். மஞ்சள் தண்ணீர் இரண்டாம் முறை நிற்காமல் ஓடியது. ஆனால் அந்த ரம்ஜானுக்குத் தங்கை வீட்டிலிருந்து சாயபுவுக்குச் சேமியா வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் விசாரித்தேன். கிணற்றுப் பக்கம் பார்த்தபடி, "தண்ணி நல்லா இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பின்தெருக் கால்வாயைக் கட்டி முடித்திருந்த ரஷீத் என் வாசலில் வந்து நின்றான். தாடி நரைத்துவிட்டது.

"அக்கா, மஞ்சத்தண்ணி ஒரு கொடம் வேணும்."

"போர்டுல கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. மாமூ இல்லியே, நீங்க வந்து பாருங்க."

போய்க் குந்திப் பார்த்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பார்வைதான். தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடியது. ரஷீத் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று சாயபு கேட்ட மஞ்சளை வீட்டுக் கணக்கில் கோயில் செலவு என்றுதான் எழுதியிருந்தேன். இதையும் அப்படியே எழுதினேன்.